நவம்பர் வெற்றிகளும் ஆகஸ்ட் அட்டவணையும்: என்பிஏவின் திரைக் கணக்கு

2025 அக்டோபர் 30, நள்ளிரவை நெருங்கும் நேரம். அமெரிக்காவில் யூடியூப் டிவி வழியாகத் தொலைக்காட்சி பார்க்கும் ஏறக்குறைய ஒரு கோடிச் சந்தாதாரர்களுக்கு ஈஎஸ்பிஎன், ஏபிசி உள்ளிட்ட டிஸ்னியின் சேனல்கள் நின்றுபோயின. சேனல் கட்டணம் குறித்து டிஸ்னிக்கும் கூகுளுக்கும் நடந்த பேச்சு முறிந்துவிட்டது. நவம்பர் 14 அன்றுதான் அவை திரும்பி வந்தன. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சீசன் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகாத நேரத்தில் வந்த இருட்டடிப்பு இது.

அதே நாட்களில் என்பிஏ அணிகளில் ஒன்றான டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் தோற்பதையே மறந்திருந்தது. அக்டோபர் இறுதியில் தொடங்கிய அதன் வெற்றி வரிசை 13 ஆட்டங்கள் நீண்டு, அணியின் பழைய சாதனையைச் சமன் செய்து, நவம்பர் 26 அன்று பாஸ்டனில் முடிந்தது. இது எந்த அணி என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2023-24 சீசனில் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்று, ஒரே சீசனுக்குள் மிக நீண்ட தோல்வி வரிசை என்ற அவப்பெயரைத் தேடிக்கொண்ட அணி. அந்த ஆண்டு 82 ஆட்டங்களில் 14 வெற்றி. அடுத்த ஆண்டு 44. வெற்றிக் கணக்கை ஒரே ஆண்டில் மும்மடங்காக்கிய அணி அதற்கு முன் என்பிஏவில் இருந்ததில்லை. இந்த மாற்றத்துக்குத் தலைமை தாங்கிய பயிற்சியாளர் ஜே. பி. பிக்கர்ஸ்டாஃபை கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணி 2024-இல் வேலையை விட்டு நீக்கியிருந்தது. அவர் போன பிறகு கிளீவ்லாந்தும் முதல் 15 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது என்பதால், யார் பக்கம் நியாயம் என்று சொல்வது எளிதல்ல.

சீசனின் முதல் இரண்டு மாதங்களில் வரும் இத்தகைய திருப்பங்களை விளையாட்டுச் செய்தியாளர்கள் ஆட்ட நுணுக்கத்தை வைத்தே விளக்குவார்கள்: இளம் வீரர் முதிர்ந்துவிட்டார், தடுப்பாட்டம் இறுகிவிட்டது என்றெல்லாம். அவை சரியான விளக்கங்கள்தான். ஆனால் இன்றைய என்பிஏவில் இத்தனை அணிகள் இத்தனை வேகமாக மேலே வருவதற்கும், அப்படி வரும் அணியைப் பலரும் பார்க்க முடியாமல் போவதற்கும் ஒரே ஊற்றுக்கண் உண்டு. அது தொலைக்காட்சிப் பணம்.

2025-26 சீசனோடு என்பிஏவின் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 11 ஆண்டுகள், சுமார் 7,600 கோடி டாலர். இதற்கு முந்தைய ஒப்பந்தம் 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இரண்டரை மடங்குக்கும் மேலான உயர்வு. செய்திகளில் வந்த கணக்குப்படி டிஸ்னி ஆண்டுக்குச் சுமார் 260 கோடி டாலர், என்பிசி சுமார் 250 கோடி, அமேசான் சுமார் 180 கோடி தருகின்றன. 2002-இல் கூடைப்பந்தை விட்டு விலகிய என்பிசி திரும்பி வந்திருக்கிறது; பீக்காக் என்ற தன் ஓடிடி தளத்தையும் கூட அழைத்து வந்திருக்கிறது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் என்பிஏவைக் காட்டிய டர்னர் குழுமத்தின் டிஎன்டி வெளியேறிவிட்டது. அதன் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, அமேசானின் தொகையைத் தானும் தருவதாகச் சொல்லி, லீக் அதை ஏற்காததால் 2024 ஜூலையில் நீதிமன்றம் போய், நவம்பரில் சமரசமானது. நிறுவனத்தின் தலைவர் டேவிட் சாஸ்லாவ் 2022-இல் முதலீட்டாளர்கள் முன்னால், என்பிஏ இல்லாமலும் எங்களால் இருக்க முடியும் என்ற பொருளில் பேசியிருந்தார். பேரம் பேசும்போது சொல்லத்தக்க பேச்சுதான். எதிராளி அதை உண்மையென்று எடுத்துக்கொள்வார் என்பதை அவர் கணக்கில் வைக்கவில்லை போலிருக்கிறது.

பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த விலை புரியாது. 1998-இல் மைக்கேல் ஜோர்டன் ஆடிய கடைசி இறுதிச் சுற்றை ஆட்டத்துக்குச் சராசரியாக 2.9 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். 2025-இல் ஒக்லஹோமா சிட்டி தண்டரும் இண்டியானா பேசர்ஸும் மோதிய இறுதிச் சுற்றின் சராசரி 1.03 கோடி. பார்ப்பவர்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய பொருளுக்கு விலை எப்படிப் பல மடங்கு ஏறுகிறது?

மற்ற எல்லாமே அதைவிட வேகமாகச் சுருங்கிவிட்டன என்பது பாதி விடை. நாடகத்தையும் படத்தையும் நினைத்த நேரத்தில் பார்க்கலாம். நேரலை ஆட்டத்தை மறுநாள் பார்ப்பவர் குறைவு. விளம்பரத்தைத் தாண்டி ஓட்டவும் முடியாது. மீதிப் பாதி ஓடிடி வணிகத்தின் தலையாய நோயைப் பற்றியது: சந்தாதாரர் ஒரு தொடரைப் பார்த்து முடித்ததும் சந்தாவை ரத்துசெய்துவிட்டுப் போய்விடுகிறார். கேபிள் காலத்தில் இணைப்பைத் துண்டிக்கத் தொலைபேசியில் ஒருவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பொத்தான்கள் போதும். ஆகவே ஓடிடி நிறுவனத்துக்குத் தேவைப்படுவது ஓரிரவுப் பரபரப்பைவிட, மாதக்கணக்கில் வாரந்தோறும் வந்துகொண்டே இருக்கும் ஏதாவது ஒன்று. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் வழக்கமான சீசனில் 272 ஆட்டங்கள், என்பிஏவில் 1,230. அக்டோபரில் தொடங்கி ஜூன் வரை ஓடுகிறது. திங்கள் பீக்காக், செவ்வாய் என்பிசி, புதன் ஈஎஸ்பிஎன், வெள்ளி அமேசான் என்று கிழமைகளைப் பங்கிட்டுக்கொண்டிருப்பதன் பொருள் இதுதான். பழக்கத்தை விற்கிறார்கள். சீசனுக்குச் சில மாதம் முன்பு, 2025 ஜூலையில், பீக்காக்கின் மாதக் கட்டணம் 7.99 டாலரிலிருந்து 10.99 டாலராக உயர்ந்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

இனி, இந்தப் பணம் ஆட்டக்களத்தை எப்படி மாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். என் பார்வையில் கதையின் சுவையான பகுதி இதுவே.

என்பிஏவின் வருவாயில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. அதை வைத்தே ஒவ்வோர் அணியின் சம்பள உச்சவரம்பும் கணக்கிடப்படுகிறது. வருவாய் உயர்ந்தால் வரம்பும் உயரும். முந்தைய ஒப்பந்தம் 2016-இல் நடைமுறைக்கு வந்தபோது வரம்பு ஒரே கோடையில் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடியாகத் தாவியது. உயர்வைச் சில ஆண்டுகளுக்குப் பரப்பலாம் என்று லீக் கேட்டது. வீரர் சங்கம் மறுத்தது. விளைவு, ஏற்கெனவே 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு நட்சத்திர வீரர் கெவின் டுரான்ட்டையும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. அடுத்த இரண்டு கோப்பைகள் அவர்களுக்கே. அதே கோடையில் சாதாரண ஆட்டக்காரர்களுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். டிமோஃபி மோஸ்கோவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி நான்கு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் கொடுத்ததை அந்த அணியின் ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. தொலைக்காட்சிப் பணத்தின் ஒரு தாவல், இரண்டு மூன்று சீசன்களுக்கு லீக்கில் ஆச்சரியம் என்பதையே இல்லாமல் ஆக்கிவிட்டது. யார் வெல்வார் என்பது அக்டோபரிலேயே தெரிந்திருந்தது.

அந்தச் சூட்டை மறக்காத லீக், 2023-இல் வீரர் சங்கத்தோடு செய்த உடன்பாட்டில் இரண்டு பூட்டுகளைப் போட்டது. வரம்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது முதலாவது. 2025-26-இல் அது துல்லியமாக 10 சதவீதம் ஏறி 15.46 கோடி டாலரில் நின்றது. புதிய பணம் பெருவெள்ளமாக வந்தும் மதகு அவ்வளவுதான் திறந்தது. இரண்டாவது, சம்பளச் செலவு மிக உயர்ந்த ஒரு கோட்டைத் தாண்டும் அணிகளின் கையைக் கட்டுவது. 2025-26-இல் அந்தக் கோடு சுமார் 20.8 கோடி டாலர். அதைத் தாண்டிவிட்டால் இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு நட்சத்திரத்தை மாற்றிக்கொள்ள முடியாது. லீக்குக்குப் புதிதாக வரும் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் எதிர்கால உரிமையொன்றும் முடங்கிப்போகும். அதிகச் செலவுக்கான வரியைக் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்த பணக்கார உரிமையாளர்களுக்கு இது புதிய அனுபவம். 2024-இல் கோப்பை வென்ற பாஸ்டன் செல்டிக்ஸ், அடுத்த ஆண்டே தன் நட்சத்திரம் ஜேசன் டேட்டம் காயமடைந்த நிலையில், இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக ஜூரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பிவிட்டது.

2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் கோப்பை வென்றன. எல்லாவற்றையும் 2023 விதிகளின் கணக்கில் எழுத முடியாது. அவை வருவதற்கு முன்பே இந்த வரிசை தொடங்கிவிட்டது. ஆனால் பெரிய அணிகள் ஆட்களை விடவேண்டியிருப்பதும், மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் வீரர்களை வைத்து ஒரு சிறுநகர அணி இரண்டே ஆண்டுகளில் மேலேறுவதும் இப்போது விதிக்குள்ளேயே இருக்கின்றன. டெட்ராய்ட்டின் கேட் கன்னிங்ஹாம் அந்த அணி தானே தேர்ந்தெடுத்தவர்; ஜேலன் டியூரன் வேறோர் அணி தேர்ந்தெடுத்த அன்றே டெட்ராய்ட்டுக்கு மாற்றப்பட்டவர். இருவரையும் வளர்த்தது அந்த அணிதான். தண்டர் 2025-26-இன் முதல் 25 ஆட்டங்களில் 24-ஐ வென்றது. அதுவும் இளைஞர்களைச் சேர்த்துக் கட்டிய அணிதான்.

தொடக்கத் திருப்பங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது வேறு கேள்வி. 28 தொடர் தோல்வி கண்ட அதே பிஸ்டன்ஸ் அந்தச் சீசனை முதல் மூன்றில் இரண்டு வெற்றியோடு தொடங்கியது. 2022-இல் தன் இரண்டு நட்சத்திரங்களையும் விற்றுவிட்ட யூட்டா ஜாஸ் முதல் 13 ஆட்டங்களில் 10-ஐ வென்று எல்லோரையும் திகைக்கவைத்தது. முடிவில் 37 வெற்றி, 45 தோல்வி. தலைகீழாகவும் நடக்கும்: 2024-25-இல் முதல் 25-இல் பத்து மட்டுமே வென்ற பேசர்ஸ், 15-0 என்று தொடங்கிய கிளீவ்லாந்தை வீட்டுக்கு அனுப்பி, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போனது. இன்று ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஏறக்குறைய 37 மூன்று புள்ளி வீச்சுகளை எடுக்கிறது. தூரத்திலிருந்து வீசும் பந்து சில வாரங்கள் தொடர்ந்து விழும், சில வாரங்கள் விழவே விழாது. எதிரணிகளின் வீச்சு தவறிக்கொண்டே இருந்தால் சுமாரான தடுப்பாட்டமும் கோட்டைபோலத் தெரியும். இருபது ஆட்டம் முடியும்வரை அட்டவணையைப் பார்த்து யாரையும் வாழ்த்தவோ வையவோ வேண்டாம் என்பது என் கட்சி.

ஆனால் ஒளிபரப்பாளர்கள் இருபது ஆட்டம்வரை காத்திருக்க முடியாது. எந்த ஆட்டம் நாடு முழுவதும் காட்டப்படும் என்பது பெரும்பாலும் ஆகஸ்டிலேயே முடிவாகிவிடுகிறது. முன்னுரிமை யாருக்கு? கடந்த ஆண்டின் சாம்பியனுக்கு, லேக்கர்ஸ், வாரியர்ஸ், நிக்ஸ் போன்ற பெருநகர அணிகளுக்கு, லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெஃபன் கறி போன்ற பெயர்களுக்கு. ஆகஸ்டில் யாரும் எதிர்பார்க்காத அணி நவம்பரில் மேலே வந்தால், அதன் ஆட்டங்கள் பெரும்பாலும் உள்ளூர் சேனலில்தான் இருக்கும்.

உள்ளூர் சேனல்தான் இன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் படுத்த படுக்கையான நோயாளி. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விளையாட்டு சேனல். அந்த ஊர் அணியின் எண்பது சொச்ச ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அது காட்டும். கேபிள் இணைப்பு வைத்திருக்கும் எல்லோரும், கூடைப்பந்தையே பார்க்காத பாட்டி உட்பட, அதற்கு மாதந்தோறும் சில டாலர் கட்டுவார்கள். முப்பது ஆண்டுகள் இந்த ஏற்பாடு பொன் முட்டையிட்டது. பிறகு பாட்டியின் பேரன்கள் கேபிளை வெட்டினார்கள். 2011 வாக்கில் ஈஎஸ்பிஎன் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்தது; இன்று 7 கோடிக்கும் குறைவு. பார்க்காதவர் கட்டிய பணம் நின்றதும் உள்ளூர் சேனல்கள் சரிந்தன. இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகும், 2019-இல் சிங்ளேர் குழுமம் 21 உள்ளூர் விளையாட்டு சேனல்களை டிஸ்னியிடமிருந்து சுமார் 1,000 கோடி டாலருக்கு, பெரும்பகுதி கடன் வாங்கி, விலைக்கு எடுத்தது. அதற்காகவே அமைத்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில், 800 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனோடு திவால் மனு கொடுத்தது. திவாலிலிருந்து வெளிவந்தபோது பெயர் மெயின் ஸ்ட்ரீட் ஸ்போர்ட்ஸ். சேனல்களின் பெயரோ ஒரு சூதாட்ட நிறுவனத்தின் பெயரான ஃபேன்டூயல்.

2025-26 தொடக்கத்தில் 13 என்பிஏ அணிகள் இந்தச் சேனல்களில் இருந்தன. டெட்ராய்ட், ஒக்லஹோமா சிட்டி, சான் அன்டோனியோ, இண்டியானா, கிளீவ்லாந்து, ஆர்லாண்டோ எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. ஆச்சரியம் தரும் அணிகள் எவையோ, நலிந்த சேனலில் சிக்கிய அணிகளும் பெரும்பாலும் அவையே. இது தற்செயல் அல்ல. சொந்தமாகச் சேனல் நடத்தும் வலு பெருநகர அணிகளுக்கு உண்டு. சிறுநகர அணிகள் வாடகைக்கு இருக்கின்றன. ஃபீனிக்ஸ் சன்ஸ் 2023-இல் துணிந்து வேறு வழியில் போனது: சேனல் பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, ஆன்டெனா இருந்தாலே பார்க்கக்கூடிய இலவச நிலையங்களுக்குத் தன் ஆட்டங்களைக் கொண்டுபோனது. யூட்டாவும் அப்படியே. 2025 கோடையில் டுரான்ட்டை அனுப்பிவிட்டு, தேறாது என்று பலரும் கைகழுவிய சன்ஸ், நவம்பரில் எதிர்பார்ப்பை மீறி ஆடியபோது, அரிசோனாக்காரர்களால் அதைச் செலவின்றிப் பார்க்க முடிந்தது.

திருப்பமும் திரைத் தகராறும் ஒரே நேரத்தில் வருவது புதிதல்ல. இதன் உச்ச உதாரணம் நியூயார்க்கில் நடந்தது. ஊதியப் பேச்சு முறிந்ததால் 2011-12 சீசன் கிறிஸ்துமஸ் அன்றுதான் தொடங்கியது. 2012 பிப்ரவரி 4 அன்று, நிக்ஸ் அணியில் பெஞ்சின் கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த ஜெரமி லின் இறங்கி 25 புள்ளிகள் எடுத்தார். ஆறு நாள் கழித்து கோபி பிரையன்ட்டின் லேக்கர்ஸுக்கு எதிராக 38. உலகமே நிமிர்ந்து பார்த்தது. நியூயார்க்கின் டைம் வார்னர் கேபிள் வாடிக்கையாளர்களைத் தவிர. நிக்ஸ் ஆட்டங்களைக் காட்டும் எம்எஸ்ஜி சேனல் கட்டணத் தகராறால் ஜனவரி 1 முதல் அந்த கேபிளில் இல்லை. ஏழு வாரம் இழுத்த பேச்சு, லின் அலை எழுந்து இரண்டே வாரத்தில், பிப்ரவரி 17 அன்று முடிந்தது. ஆளுநர் அலுவலகம்வரை தலையிட்டது. தெருவில் ரசிகர்கள் கொதிக்கும்போது கேபிள் நிறுவனத்தின் பேர வலு கரைந்துவிடும் என்பதை இரு தரப்பும் அன்று பார்த்தன. சேனல்கள் இன்றும் தகராறுகளை விளையாட்டுச் சீசனின் நடுவில் உச்சத்துக்குக் கொண்டுவருவது அந்தப் பாடத்தை அறிந்துதான்.

ஆகஸ்ட் அட்டவணையின் இறுக்கத்தில் லீக் ஒரு சன்னல் வைத்திருக்கிறது: 2023-இல் தொடங்கிய என்பிஏ கோப்பை. நவம்பர், டிசம்பரில் என்எஃப்எல் கால்பந்து திரைகளை ஆளும்போது கூடைப்பந்துக்குக் கொஞ்சம் காரம் சேர்க்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். வெல்லும் அணியின் ஒவ்வொரு வீரருக்கும் சுமார் 5 லட்சம் டாலர் பரிசு. கோடிகளில் புரளும் நட்சத்திரத்துக்கு அது சில்லறை, பெஞ்சில் இருப்பவருக்கோ ஆண்டுச் சம்பளத்தில் பெரும் பங்கு. என்னைக் கவர்வது வேறொன்று. அந்த டிசம்பர் வாரத்தின் ஆட்டங்கள் ஆகஸ்டில் நிரப்பப்படுவதில்லை. நவம்பரில் வென்றவர்கள் யாரோ அவர்களே வருவார்கள். காலிறுதி முதல் எல்லா ஆட்டங்களும் இப்போது அமேசானிடம். 2025-இல் சன்ஸும் டொராண்டோ ராப்டர்ஸும் காலிறுதி வந்தார்கள். ஆகஸ்டில் யாரும் அவர்களுக்கு முதன்மை இரவுகளை ஒதுக்கியிருக்க மாட்டார்கள். 24-1 என்று வந்த தண்டரை அரையிறுதியில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 111-109 என்று சாய்த்தது. காயத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார் ஸ்பர்ஸின் நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமா. இறுதியில் நிக்ஸ் வென்றது. ஆனால் கிழக்குப் பிரிவில் முன்னணியில் இருந்த பிஸ்டன்ஸ், குழு ஆட்டங்களில் பாஸ்டனிடமும் ஆர்லாண்டோவிடமும் தோற்றதால் அந்தச் சன்னல் வழியாகவும் எட்டிப்பார்க்க முடியவில்லை.

புதிய ஒப்பந்தத்தின் முதல் மாதங்களில் பார்வையாளர் எண்ணிக்கை ஏறியதை லீக் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. என்பிசி போன்ற இலவச அலைவரிசைக்கு நிறைய ஆட்டங்கள் போயிருப்பதால் ஏறத்தான் வேண்டும். நீல்சன் நிறுவனம் 2025 செப்டம்பரில் தன் கணக்கெடுப்பு முறையையே மாற்றியிருக்கிறது. புதிய முறையில் நேரலை விளையாட்டின் எண்கள் பொதுவாகக் கூடியே வருகின்றன. பழைய ஆண்டோடு ஒப்பிடும் தலைப்புச் செய்திகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்க வேண்டும்.

உள்ளூர் ஆட்டங்களுக்கு என்ன வழி என்பதே இனி மிஞ்சும் பேச்சு. முப்பது அணிகளின் உள்ளூர் உரிமைகளையும் திரட்டி ஒரே ஓடிடி தளத்துக்கு விற்கலாம் என்ற யோசனை லீக்கில் அடிபடுகிறது. டெட்ராய்ட்டுக்கும் இண்டியானாவுக்கும் அது மருந்து. ஆனால் லேக்கர்ஸ் 2012-இல் தொடங்கிய தன் நீண்டகால உள்ளூர் ஒப்பந்தத்தில், பல சிறுநகர அணிகள் கனவிலும் காணாத தொகையை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தைப் பொதுப் பெட்டியில் போட லாஸ் ஏஞ்சலிஸ் ஒப்ப வேண்டும், நியூயார்க்கும் ஒப்ப வேண்டும். 2012-இல் லின்னின் ஆட்டத்தைத் தன் நகரத்துக்குக் காட்டாமல் ஏழு வாரம் பேரம் பேசிய எம்எஸ்ஜி சேனலுக்கும் நிக்ஸ் அணிக்கும் அன்று உரிமையாளர் ஒருவரே.